கேளாமல் வந்த முகம்

“நான் தொடல்ல எண்டு செல்லுறன், நீ கேக்கிறாயில்ல…”

“தொடாமத்தான் கண்ணாடியில இவ்வளவு விரலடையாளமா? இந்தச் செம்ப ஆரும்மா இதில…”

“என்ட வீட்டுக்குள்ள தண்ணி வைக்கவும் உன்னட்டக் கேக்கணுமா…”

“கொம்பியூட்டருக்குப் பக்கத்தில என்னத்துக்குத் தண்ணி? அதுக்கென்ன தாகமா?”

மகள் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியோடு ஆச்சிப்பிள்ளை பேச்சை நிறுத்திக்கொண்டாள். மேசையிலிருந்த செம்பை எடுத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடி, விருந்தாளிக்குக் கொண்டுபோகிறவள் போலத் தளும்பாமல் குசினிக்குள் கொண்டுபோனாள். நிருஷாவுக்கு ஆத்திரம் ஆறவில்லை. மற்றவர் பாதியில் விட்டுப்போன சண்டை நெல்லுச் சுணை மாதிரி, எங்கே சொறிந்தாலும் அரிக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் முந்தின நாள் பின்னேர வகுப்பு. நிருஷா வீட்டிலிருந்தபடி சுவிசிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்குச் சூமில் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். பெற்றோர் எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். பிள்ளைகளுக்குத்தான் ழகரம் வாயில் ஏறாது. நேற்று அணில் படத்தைத் திரையில் காட்டி, அ எழுதுகிற விதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அணிலுக்கு மேலே உடுப்பில்லாத ஒரு பெண் வந்து நின்றாள். நிருஷா மூடினாள். மூடின இடத்தில் இன்னொருத்தி வந்தாள். அதற்குள் லண்டன் பிள்ளையொன்று அவளுக்குக் கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டது. வகுப்பைப் பாதியில் நிறுத்திய கையோடு சுவிசிலிருந்து ஒரு தகப்பன் கதைத்தார். மரியாதையான மனுசன். டீச்சரில் பிழை சொல்லவில்லை, ஆனால் அந்தக் கணினியைத் துப்புரவாக்கும் வரைக்கும் பிள்ளைகளை விடமாட்டோம் என்றார். மற்றவர்களும் அதைத்தான் நினைக்கிறார்களாம்.

அந்த வகுப்புத்தான் வீட்டு அடுப்பை எரிய வைத்துக்கொண்டிருந்தது. தகப்பன் கதிர்காமத்தம்பி ஊரார் ஆறு என்கிற வாவியில் மீன்பிடிக்கிறவர். வயது எழுபதை முட்டிவிட்டது. வலை வளைத்த கை இப்போது தோணியைத் தள்ளவே மூச்சு வாங்குகிறது. முன்பெல்லாம் வெயில் ஏறுமுன் மீன் கூடையோடு படலைக்குள் நுழைகிறவர், வைகாசியில் கோயில் சடங்கு முடிந்ததிலிருந்து மத்தியானம் கழிந்தும் வருவதில்லை. மீன் படுவது குறைவு போலிருக்கிறது, அதனால்தான் தங்கி நிற்கிறார் என்று நிருஷா நினைத்துக்கொண்டாள்.

களுவாஞ்சிக்குடியில் கணினிக் கடை வைத்திருக்கிற காத்தான்குடி நிஸ்தாருக்குக் காலையிலேயே சொல்லியிருந்தாள். நிஸ்தார் வருவதென்றால் வாவியைக் கடக்க வேண்டும். குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஆட்டையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிவருகிற தட்டைப் படகுக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதம் அது. மேற்கே வயல் வட்டைகளைக் காய்ச்சிவிட்டு வாவிக்கு இறங்குகிற அந்தக் காற்றில் தண்ணீர் குறுக்கே எழும்பிப் பாதையைப் பிடித்துப் பிடித்து இழுக்கும். அவர் வந்து சேர்ந்தபோது சட்டையின் ஒரு பக்கம் முழுக்க நனைந்து, காற்றிலேயே காய்ந்து, உப்புப் பூத்திருந்தது.

“பாதையில நிண்டு வந்தன் தங்கச்சி. இருந்து வந்த ஆக்கள் முழுசாக் குளிச்சிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். நாற்பதைத் தாண்டின ஆள். தாடியில் அங்கங்கே நரை.

கதிரையில் இருந்ததும் அவர் செய்த முதல் வேலை, பையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்துத் திரையைத் துடைத்ததுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் செய்வாராம். அழுக்கோடு வேலை செய்ய அவருக்குக் கண் கூசும். திரையின் வலது கீழ்மூலையில்தான் விரலடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. நடுவில் கொஞ்சம் விபூதியும். குசினி வாசலில் நின்ற ஆச்சிப்பிள்ளை அந்தத் துணி போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆரோ மூலையில பூசை செஞ்சிருக்காங்க” என்று நிஸ்தார் சிரித்தார். நிருஷாவுக்குத் தாயின் மேல் இருந்த கோபம் திரும்பவும் எழும்பியது. எந்த நேரமும் தூசு தட்டுகிறேன் என்று இந்தப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு, அமத்தக் கூடாத பொத்தானை அமத்திக் கெடுத்ததே அம்மாதான் என்று அவருக்கும் கேட்க, குசினிக்கும் கேட்கச் சொன்னாள்.

நிஸ்தார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கூகிள் வரவேண்டிய இடத்தில் பெயர் தெரியாத ஒரு தேடற்பக்கம் குந்தியிருந்தது. மாற்றினால் மாறியது, மூடித் திறந்தால் பழைய இடத்துக்கே வந்தது. இணையம் பார்க்கிற மென்பொருளில் யாரும் கேளாமல் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளைக் காட்டினார். நுளம்பு குடம்பி போட்டமாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்று. அவற்றையும் தாண்டி, உள்ளே போய், நிறுவின மென்பொருள்களை அவை வந்த ஒழுங்கில் அடுக்கிப் பார்த்தவர் ஒரு பெயரில் நிறுத்தினார்.

“தங்கச்சி, படத்தில எழுத்து வைக்கிற சாமானொண்டு இறக்கினீங்களா? சும்மா குடுக்கிறது?”

இறக்கியிருந்தாள். அணில், ஆடு, இலை என்று பிள்ளைகளுக்குப் பட அட்டை செய்வதற்காகச் சித்திரையில் இறக்கியது. நல்ல வேலை செய்கிறதே என்று மற்ற டீச்சர்மாருக்கும் சொன்னவள்.

“அதுக்குள்ளதான் வந்திரிக்கி. நெல்லுச் சாக்குக்குள்ள பாம்பு வந்த மாதிரி. சாக்கு நல்ல சாக்குத்தான். நெல்லும் நல்ல நெல்லு.” சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “படலையத் திறந்து விட்டது நீங்க. உள்ளுக்கு வந்து இரிங்க எண்டு செல்லினதுதான் வேற ஆரோ. கேக்கக் கேக்க, வரலாம் வரலாம் எண்டு அமத்தியிரிக்காங்க.”

நிருஷாவுக்கு முகம் சுட்டது. காலையிலிருந்து தாயை ஏசிய ஏச்செல்லாம் ஒன்றொன்றாகத் திரும்பி வந்தது. நேரே போய் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. இரவைக்கு இறால் ஆணம் வைக்கச் சொல்லி, தானே தேங்காய் உடைத்துக் கொடுப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

சுவரில் அவளுடைய அண்ணன் உதயரூபன் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பஸுக்கு எடுபட்ட ஆண்டில் எடுத்த படம். அதற்கு அடுத்த மாரியில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று வீட்டுக்கு வந்து கூட்டிப்போனவர்கள் அவனைத் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. யாரென்று கேட்டால் யாருமில்லை. எங்கே என்று கேட்டால் எங்குமில்லை. அந்தப் படத்துக்கு மாலை இல்லை, பொட்டும் இல்லை. முப்பத்தோராம் நாள் கிரியை செய்து ஆத்மாவை வழியனுப்புவோம் என்று கதிர்காமத்தம்பி ஒருமுறை சொன்னார். செய்கிறதென்றால் எனக்கும் சேர்த்துச் செய்யுங்கள் என்று ஆச்சிப்பிள்ளை சொன்னாள். அதற்குப் பிறகு புருசனும் பெண்சாதியும் அவனைப் பற்றி ஒரே நேரத்தில் பேசியதை நிருஷா கண்டதில்லை.

ஆச்சிப்பிள்ளை தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை.

“தம்பி, நீங்க இப்ப இத எடுத்தா, அந்த மூலையில வாற சின்னச் சன்னலும் வராதா?”

“வராது அம்மா. ஒண்டுமே வராது. பயப்பிடாதீங்க.”

“அப்ப எடுக்காதீங்க.”

நிருஷா பகிடி என்றுதான் முதலில் நினைத்தாள். அம்மாவுக்கு அந்த ஆடையில்லாப் பெண்களில் என்ன பாசம் என்று கேட்கவும் வாயெடுத்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் அது வாயிலேயே நின்றுவிட்டது.

“அதுகளச் செல்லல்ல. அதுகள் வந்தா நான் மூடிப்போடுவன். இன்னொராள் வாறவன். கொஞ்சம் பொறுங்க, நீங்க தேத்தண்ணியக் குடிங்க. இந்த நேரத்தில வாறவன்தான்.”

மூன்று பேரும் காத்திருந்தார்கள். வெளியே கச்சான் தென்னோலைகளை ஒரே பக்கம் வாரிவிட்டுக்கொண்டிருந்தது. நிஸ்தார் தேத்தண்ணியைச் சத்தமில்லாமல் குடித்தார். இரண்டு விளம்பரம் வந்தது, ஆச்சிப்பிள்ளை தலையை ஆட்டினாள். பிறகு சின்ன மணிச்சத்தம் ஒன்று. திரையின் மூலையில், துடைத்த இடத்தில், ஒரு முகம் எழும்பியது.

நீலச் சட்டை போட்ட இளந்தாரி. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்து, கூப்பிட்டால் எழும்பி வருவேன் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. காது கொஞ்சம் வெளியே தள்ளி நின்றது. அண்ணன் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிப்போகிறபோது நிருஷா பின்னாலிருந்து பார்த்த காது அது. அந்தக் காதைப் பிடித்து இழுத்து எத்தனை தரம் அடி வாங்கியிருக்கிறாள். அது அவனில்லை என்று அடுத்த நொடியே தெரிந்தது. ஆனால் அந்த ஒரு நொடி இருந்தது.

“அதில என்ன எழுதியிருக்கு? எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. உன்னட்டக் கேட்டா ஏசுவாய் எண்டு கேக்கல்ல.”

நிருஷா நிஸ்தாரைப் பார்த்தாள். அவர் தேத்தண்ணிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பக்கத்தில… ஒராள்… உங்களோட கதைக்கக் காத்துக்கொண்டிருக்கார் எண்டு.”

“பாத்தியா” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

“அம்மா, இது விளம்பரம். காசுக்குப் படமெடுக்கிற ஆரோ ஒரு பொடியன். அண்ணனுக்கு இப்ப நாற்பது வயசு வந்திருக்கும். இந்தப் பொடியனப் பாருங்க, இருபதுதான்.”

“எனக்கு வயசு தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா? போன மாதிரியே வந்திருக்கான். வயசு போறதுக்கு அவனுக்கு ஆரு புள்ள சோறு குடுத்த?”

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் நிருஷாவுக்குத் தெரிந்ததும் தெரியாததும் கலந்தது. வைகாசியில் ஊர்க் கண்ணகியம்மன் கோயில் சடங்கு முடிகிற குளுத்தி அன்று, தெய்வம் ஆடினவர் கூட்டத்துக்குள் இவளைத் தேடி வந்து வேப்பிலையால் தலையில் அடித்துக் கட்டுச் சொன்னார். அம்மன் சொல்கிற வாக்கைக் கட்டு என்றுதான் சொல்வார்கள். அதைத் தட்ட முடியாது. தேடி அலையாதே, கேளாமல் வருவான், வந்து முகம் காட்டுவான் என்றது கட்டு. போகாத முகாமில்லை, நிற்காத வாசலில்லை, நெஞ்சில் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்காத றோட்டில்லை என்று அலைந்தவள் அன்றோடு தேடுவதை விட்டாள். சடங்கு முடிந்து அந்தக் கிழமையே, நிருஷா சந்தைக்குப் போயிருந்த நேரம், மேசையைத் துடைக்கப் போனவளுக்கு முன்னால் யாரும் தொடாமலே மணிச்சத்தம் கேட்டது. அவன் வந்து நின்றான். கீழே இரண்டு சின்னப் பெட்டி. ஒன்று மங்கல், ஒன்று வெளிச்சம். வெளிச்சமாக இருந்ததை அமத்தினாள். வந்தவனைப் போகச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? அன்றிலிருந்து நிருஷா இல்லாத நேரமெல்லாம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். வெயிலுக்குள்ளால் வருகிறவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள். கன்னத்தைத் தடவினாள். நெற்றிக்குக் கொஞ்சம் விபூதி வைத்தாள். கதைப்பாளாம். அவன் கதைக்க மாட்டானாம். சின்ன வயதிலும் வாய் குறைவுதானே.

“உங்கப்பாக்கிட்டயும் செல்லினன். ஒருக்கா வந்து இருந்து பாருங்க எண்டு கெஞ்சினன். செத்தவன்ட முகத்தப் பெட்டிக்குள்ள பாக்கச் செல்லாத எண்டுட்டு ஆத்துக்குப் போறவர்தான். மத்தியானத்துக்கும் வாறாரில்ல. மீன் இல்லாம இல்ல, மகள். வலையத் தூக்கிப்போட்டுக் ஆத்தோரக் கண்ணாப் பத்தைக்குள்ள தோணிய விட்டுட்டுச் சும்மா குந்தியிருக்காராம். கண்டவங்க வந்து செல்லுறாங்க.”

நிருஷாவுக்குத் தாயின் மேல் பாவமும் வந்தது, இதை இப்படியே விட்டால் எங்கே போய் முடியுமோ என்ற பயமும் வந்தது. பயந்தவள் செய்கிற வேலையைத்தான் அவளும் செய்தாள். இந்தப் படம் எங்கேயெல்லாம் இருக்கிறதென்று தேடிக் காட்டமுடியுமா, அம்மா தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நிஸ்தாரிடம் கேட்டாள். அவருக்கு விருப்பமில்லை. கேட்டு நின்றபடியால், தன்னுடைய மடிக்கணினியை எடுத்து அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடினார்.

அந்தப் பொடியன் நிறைய இடங்களில் இருந்தான். ஓரிடத்தில் முகம் மழிக்கிற நுரை விற்றான். ஓரிடத்தில் வைத்தியரின் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஏதோ ஒரு நாட்டில் வீடு கட்டக் கடன் வாங்கச் சொன்னான், இன்னொரு நாட்டில் பல்லைக் காட்டிப் பற்பசை பிடித்திருந்தான். வாசிக்கத் தெரியாத எழுத்துகளுக்குப் பக்கத்திலெல்லாம் தலையை இடப்பக்கம் சரித்து அதே சிரிப்போடு நின்றான்.

ஆச்சிப்பிள்ளை குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய வாய் நடுங்கத் தொடங்கியது. விளங்கிவிட்டது என்று நிருஷா நினைத்தாள்.

“எத்தினை இடத்தில கொண்டு நிப்பாட்டியிருக்காங்க, பாருங்க தம்பி” என்றாள். “அதுதான் புள்ளைக்கு வீட்ட வர இவ்வளவு காலம்.”

நிஸ்தார் மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

அவருக்கு ஒரு வழி தோன்றியது. வைரசை எடுக்குமுன் படத்தை மட்டும் தனியே பிடித்து வைக்கலாம், பெரிதாக்கிக் கடதாசியில் எடுத்தும் தரலாம், சட்டம் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் அம்மா, எந்த நேரமும் பார்க்கலாம் என்றார். ஆச்சிப்பிள்ளை அவரை ஒரு குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

“படம் எனக்கிட்ட இருக்குத்தானே, மனே” என்று சுவரைக் காட்டினாள். “அது இருக்கிற படம். வைச்ச இடத்தில வைச்சபடி இருக்கும். இவன் வாறவன். சிலநேரம் வரமாட்டான், பாத்துக்கொண்டிருப்பன், மறுகா வருவான். எனக்குப் படம் வேணாம்.”

நிருஷா ஜன்னலடிக்குப் போய் நின்றாள். வாவியில் வெயில் தகரம் மாதிரி மின்னியது. இந்தச் சனியனை இப்படியே விட்டுவிட்டு வகுப்பை விட்டால் என்ன? பாலர் பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம். அரிசி வட்டையிலிருந்து வரும், மீன் ஆற்றிலிருந்து வரும். அம்மா இப்படிக் கதிரை போட்டு இருந்து சிரித்த முகத்தோடு அவள் கடைசியாகக் கண்டது எப்போது? விட்டுவிடுங்கள், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லத் திரும்பினாள்.

அவள் முகத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும். நிஸ்தார் அவளை முந்திக்கொண்டார்.

“விளம்பரம் மட்டுமெண்டா நானும் விட்டுட்டுப் போயிருவன் தங்கச்சி. அல்லா அறிய, இந்த அம்மாட கையிலிருந்து இத எடுக்க எனக்கு ஆசையில்ல. ஆனா அதுக்குள்ள ஒளிச்சிரிக்கிற மத்தது பொல்லாதது. நீங்க தட்டுற எழுத்தெல்லாத்தயும் வேற எங்கயோ அனுப்புது. கமராவையும் அது திறந்திரிக்கி. உங்கட புள்ளைகள்ட முகம், பேர், வீட்டு விலாசம், எல்லாம் ஆரிட கையில போகுமெண்டு நமக்குத் தெரியா.”

கேட்டது ஆச்சிப்பிள்ளைதான்.

“எந்தப் புள்ளையள்?”

“டீச்சர்கிட்டப் படிக்கிற சின்னப் புள்ளைகள் அம்மா.”

“அதுகளுக்குக் கெடுதி வருமா?”

“வந்தாலும் வரும்.”

“ஆரும் அதுகளக் கூட்டிப்போக ஏலுமா?”

நிஸ்தார் பொய் சொல்லவும் முடியாமல், உண்மை எவ்வளவு என்றும் தெரியாமல், தலையை மட்டும் மேலும் கீழுமாக அசைத்தார்.

ஆச்சிப்பிள்ளை தேத்தண்ணிக் குவளையை எடுத்துச் சேலைத் தலைப்பால் மேசையில் இருந்த ஈர வட்டத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். திரையின் மூலையில் அந்த முகம் இன்னும் போகவில்லை. அதைப் பார்க்காமல் சொன்னாள்.

“இன்னொருத்திட புள்ளைக்குக் கேடு வாற வழியால என்ட புள்ளை வரவேணாம். எடுங்க.”

குசினிக்குள் போய்விட்டாள். கொஞ்சத்தில் துருவலையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

நிஸ்தார் முதலில் இணையத்தைத் துண்டித்தார். முகம் போன இடம் வெறுமையானது. ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வரலாம் என்று அனுமதி கொடுத்திருந்த பெயர்களை வெட்டினார். பையிலிருந்து ஒரு சின்னக் குச்சியை எடுத்துச் செருகி, உள்ளுக்கு ஒளித்திருந்ததைத் தேடிப் பிடிக்கிற மென்பொருளை ஓடவிட்டார். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. நிரந்தரமாக அழிக்கவா?

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இத நீங்க அமத்துங்க தங்கச்சி. எனக்குக் கை வருகுதில்ல.” பிறகு, திரையைப் பார்த்தபடி, “எங்கட வீட்டிலயும் எனக்கு மூத்த நானா ஒராள்ட படம் இப்படித்தான், என்ன செய்யிற எண்டு தெரியாமத் தொங்குது. கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன லொறியோட போனவர். உம்மா கண்ண மூடி மௌத்தாகு மட்டும் ராச்சோத்தில ஒரு பங்கு எடுத்து வச்சவ” என்றார்.

நிருஷா அமத்தினாள். அமத்துகிறபோது, துருவலைச் சத்தம் நின்றதா, அல்லது கச்சான் காற்றின் இரைச்சலில் தனக்குத்தான் கேட்கவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கணினி அணைந்து எழும்பியபோது திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் தேடுவதற்கு ஒரு கோடு. வேறொன்றும் இல்லை. இனி எதையும் சும்மா தருகிறான் என்று இறக்காதீர்கள், எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், பின்னேரம் தாராளமாக வகுப்பெடுக்கலாம் என்று நிஸ்தார் சொன்னார். குசினி வாசலில் நின்று போய்வாறன் அம்மா என்றார். சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்ற வழக்கமான வார்த்தை உள்ளேயிருந்து வரவில்லை. பாதை போய்விடும் என்று யாரும் கேட்காத காரணத்தைத் தானே சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

நிருஷா குசினிக்குள் போனாள். ஆச்சிப்பிள்ளை துருவினதைப் பிழிந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள். சுளகில் நேற்றைய இறால் உரித்துக் கிடந்தது. நானா தொட்டன், நீதான் கொண்டுவந்தாய் என்று ஒரு சொல் சொல்லிக் காட்டினால் நிருஷாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாய் புளி ஊறவைத்திருக்கிறேன், பார் என்று மட்டும் சொன்னாள். இருவரும் அடுப்படியில் முதுகு காட்டி வேலை செய்தார்கள். ஆணம் கொதித்தது.

அப்போதுதான் படலை திறக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் கதிர்காமத்தம்பி வருவதில்லை. வெயில் இன்னும் உச்சியை விட்டுச் சரியவில்லை. மீன் கூடையை வேலியோரம் வைத்துவிட்டு, நேரே கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றுவது கேட்டது. உள்ளே வந்து, கோயிலுக்கு மட்டும் கட்டுகிற வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். மாடத்தில் விபூதி தொட்டுப் பூசினார். என்ன விசேசம் என்று கேட்க நிருஷா குசினி வாசலுக்கு வந்தாள்.

அவர் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த செம்போடு முன்னறைக்குள் போனார். கணினி மேசையில், கீபோட்டுக்குப் பக்கத்தில், தாய் வைக்கிற அதே இடத்தில் அதை வைத்தார். கதிரையின் நுனியில், பெரிய ஆட்கள் வீட்டுக்குப் போனவர் போல, முழங்காலில் இரண்டு கையையும் வைத்து இருந்தார். தலைமயிரிலிருந்து சொட்டிய தண்ணீர் முதுகில் ஓடியது. வெள்ளைத் திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

நிருஷாவுக்குப் பின்னால், அடுப்படியில், அகப்பை கிண்டுகிற சத்தம் நின்றது.

அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“மகள், அவன் வாற நேரம் எப்ப? நானும் இருந்து ஒருக்காப் பாத்திட்டுப் போறன்.”